பீரோவை ஸ்கேன் எடுக்க 18,000 ரூபாயா?

கேள்வி: சார், தாம்பரம் பக்கம் முடிச்சூரில் சொந்த வீடு. 2015 வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்து, பத்திரங்களை ஒரு வாரம் மொட்டை மாடியில் காய வைத்தோம். அன்றிலிருந்து மழை என்றாலே பயம். மாமனாருக்கு 79 வயது, அவர் சேர்த்து வைத்த காகிதங்கள் மட்டும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுத் தர ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். அதன் பிறகு காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்கிறாள் மகள். வீட்டுக்கடனும் போன மாதம்தான் முடிந்தது. இந்தச் செலவைச் செய்யலாமா?

பதில்: 18,000-ஐ இப்போதைக்குக் கையிலேயே வையுங்கள் அம்மா. அந்தப் பெட்டிகளில் பாதிக்கு மேல் ஸ்கேன் எடுக்கவே தேவையில்லாத காகிதமாகத்தான் இருக்கும், மீதியில் சிலதை ஸ்கேன் எடுத்தாலும் கிழிக்க முடியாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவருக்கு 1998-ஆம் வருஷத்து கரண்ட் பில்லும் ஒரு பக்கம்தான், உங்கள் கிரயப் பத்திரமும் ஒரு பக்கம்தான்.

முதலில் கிழிக்கவே கூடாதவை. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை, உயில் எல்லாம் இதில் வரும். வீட்டை அடமானம் வைக்கப் போனால் வங்கி அசல் பத்திரத்தைத்தான் கேட்கும். அது தொலைந்தால் போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும், அதற்கு அப்புறமும் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். உயிலைப் பொறுத்தவரை, தகவல் தொழில்நுட்பச் சட்டமே 2000-லிருந்து அதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது, கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் காகிதத்தில் இருந்தால்தான் அது உயில்.

மாமனார் பெட்டியில் பழைய கம்பெனி ஷேர் சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று ஒவ்வொரு கவராகப் பிரித்துப் பாருங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். காகித ஷேரை 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு அப்படியே இன்னொருவர் பெயருக்கு விற்க முடியாது, டீமேட் என்கிற மின்னணு ஷேர் கணக்குக்கு மாற்றியாக வேண்டும், மாற்ற அந்த மூலக் காகிதத்தையே ஒப்படைக்க வேண்டும். ஸ்கேன் காப்பி அங்கே செல்லாது. ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் ஷேர் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அதையும் திரும்பக் கேட்டு வாங்கலாம், ஆனால் கையில் காகிதம் இருந்தால் வேலை பாதியாகும். என்னிடம் வரும் ஒரு குடும்பம் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது இப்படி ஒரு ஷேர் காகிதக் கட்டை, ஏதோ பழைய ரசீது என்று, கிலோ கணக்கில் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டது. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

எல்.ஐ.சி பாண்டும் முதிர்வுத் தொகை வாங்கும் வரை மூலமாகவே இருக்கட்டும். பணம் வந்து முடிந்த பாலிசிகளின் பிரீமியம் ரசீதுகளைத் தாராளமாகக் கிழிக்கலாம்.

இன்னொன்று, பத்திரத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். நனைந்த அனுபவத்தில் பலர் செய்கிற காரியம் இது, முத்திரைத்தாள் உண்மையானதா என்று தடவிப் பார்க்க முடியாமல் போகும், பின்னால் பிரிக்கவும் வராது. ஜிப் வைத்த கவரில் போட்டு மேல்தட்டில் வையுங்கள், போதும்.

அடுத்தது, நீங்கள் தூக்கி எறிந்தாலும் அரசாங்கமோ வங்கியோ திரும்பத் தருபவை. பட்டா, சிட்டா, வில்லங்க விவரம் எல்லாம் தமிழக அரசின் தளங்களிலேயே எடுக்கலாம். வருமான வரிக் கணக்குகள் வரித்துறைத் தளத்தில் இருக்கின்றன. ஆதார், பான், லைசென்ஸ், ஆர்.சி புத்தகம், மகளின் மார்க் ஷீட் இவற்றுக்கு மத்திய அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கர் இருக்கிறது. அதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: அந்தந்தத் துறை நேரடியாக அனுப்பி வைத்த ஆவணம்தான் மூலத்துக்குச் சமம், நீங்களே ஸ்கேன் எடுத்து அதில் ஏற்றியது வெறும் ஜெராக்ஸ்தான். டிஜிலாக்கரில் போட்டாச்சு என்று பத்திரத்தைக் கிழித்துவிடாதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டுகளை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ரொம்பப் பழையதை வங்கியிடம் கேட்டு வாங்குவது சிரமம்.

மிச்சம் இருப்பதுதான் உண்மையிலேயே ஸ்கேன் எடுக்க வேண்டிய கூட்டம். வரி சம்பந்தப்பட்ட ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், மருத்துவ ரிப்போர்ட், வீட்டு வேலை பில்கள். பழைய வரிக்கணக்கைத் திரும்பத் தோண்ட வரித்துறைக்கு, 2024-ல் மாற்றிய விதிப்படி, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து அதிகபட்சம் ஐந்தேகால் வருஷம்தான் அவகாசம், அதனால் ஏழு வருஷத்துக் காகிதம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் மாடி கட்டிய பில், போர் போட்ட பில், மேஸ்திரிக்குக் கொடுத்த செக் விவரம் இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, வீட்டை விற்கும் நாள்வரை வேண்டும். விற்ற லாபத்தில் இந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் வரி கட்டுவீர்கள். இரண்டு லட்சத்துக்கான பில் போனால், இன்றைய 12.5 சதவீதக் கணக்கிலேயே 25,000 ரூபாய் வரி கூடுதல். கடைகளில் தரும் வழுவழு ரசீது ஒரு வருஷத்திலேயே வெளுத்துவிடும், அதை இன்றே போட்டோ எடுங்கள்.

இதற்கு ஸ்கேனர் வாங்க வேண்டாம், போனில் இருக்கும் கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் மேசை மேல் வைத்து எடுங்கள், பத்திரம் என்றால் முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் விடாதீர்கள், சீலும் எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தில் தொடங்குங்கள், ‘2009 மாடி சிமென்ட் பில்’ என்பது மாதிரி. ஒரு பிரதி டிரைவில், ஒன்று பென் டிரைவில், இன்னொரு பென் டிரைவ் வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மேசை டிராயரில் இருக்கும் பென் டிரைவும்தானே நனையும்?

ஆதாரை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதார் உண்டு, பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டு ஆவணம் அத்தனையும் கொடுத்து ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் இதே ரகம்தான், அந்த 18,000-ஐ நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடன் முடிந்ததாகச் சொல்கிறீர்கள். பத்திரம் கைக்கு வந்துவிட்டதா? முழுத்தொகையும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி இது. கடன் வாங்கும்போது எதையெல்லாம் கொடுத்தீர்கள் என்ற பட்டியலைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அங்கேயே உட்கார்ந்து போனில் ஸ்கேன் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு தாளில், ஆமாம், காகிதத்தில்தான், எந்த வங்கி, எந்த பாலிசி, எந்த மூலம் எந்தத் தட்டில், நாமினி யார் என்று எழுதி வையுங்கள். கணவர் தவறிய பிறகு போனின் பூட்டைத் திறக்கத் தெரியாமல், ஓடிபி வருகிற சிம் எது என்றும் தெரியாமல் என்முன் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு, அவர்கள் எல்லாவற்றையும் டிஜிட்டலாகத்தான் வைத்திருந்தார்கள்.

அந்தத் தாளை எழுத உங்கள் வீட்டில் சரியான ஆள் மாமனார்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டாகப் பிரித்து இது என்ன, அது என்ன என்று கேளுங்கள், மகள் போனில் எடுக்கட்டும். இரண்டு பெட்டிக்கு நாலைந்து ஞாயிறு ஆகலாம். பேப்பர்காரரை அதற்கப்புறம் கூப்பிடுங்கள்.