காதுக்கு நன்றாக இருந்தால் போதுமா? ரிப் செய்த சிடிகளைச் சரிபார்ப்பது எப்படி

கேள்வி: சுமார் 200 இசை சிடிகளைக் கணினியில் ரிப் செய்து, அதாவது நகலெடுத்து, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஃப்ளாக்கின் சோதனையும் பிழை காட்டவில்லை. இனி சிடிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கோப்பு உருவான பிறகு கெட்டுப்போகவில்லை என்பதை மட்டும்தான் ஃப்ளாக் சோதனை சொல்லும். டிரைவ் தப்பாகப் படித்திருந்தால், அந்தத் தப்பையும் ஃப்ளாக் பத்திரமாகவே வைத்திருக்கும்.

காதையும் நம்ப முடியாது. டேட்டா சிடியில் ஒரு செக்டாரின் (வட்டின் ஒரு சிறு பகுதி) 2,352 பைட்டில் 2,048 மட்டுமே தகவல். மீதியில் பெரும்பகுதி கூடுதல் பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். ஆடியோ சிடியில் அந்த 2,352 பைட்டும் இசைதான். அதற்கும் அடிப்படைப் பிழைதிருத்தம் உண்டு, ஆனால் கீறல் அதன் சக்தியை மீறினால் டிரைவ் அக்கம்பக்கத்து மதிப்புகளைப் பார்த்து உத்தேசமாக நிரப்பிவிடலாம். நொடிக்கு 44,100 சாம்பிள்களில் (ஒலி அளவீடுகளில்) பத்துப் பதினைந்து இப்படி வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அதே சிடியை வேறு யாராவது படித்ததோடு ஒப்பிடுவதுதான் வழி. அக்யூரேட்ரிப் தரவுத்தளம் அதற்காகவே இருக்கிறது. பலர் ரிப் செய்த பாடல்களின் செக்சம் எண்கள், அதாவது பாடலின் தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்கள், அதில் சேர்ந்திருக்கின்றன. ‘கான்ஃபிடன்ஸ் 12’ என்றால் 12 ரிப்கள் உங்களுடையதோடு ஒத்துப்போகின்றன என்று பொருள். என் கணக்கில் 2 இருந்தாலே திருப்திதான். 1 என்று வந்தால் மட்டும் யோசியுங்கள், அது நீங்களே முன்பு அனுப்பியதாக இருக்கலாம்!

நல்லவேளையாக, மறுபடி ரிப் செய்ய வேண்டியதில்லை. கியூடூல்ஸ் மென்பொருளில் ஆல்பம் ஃபோல்டரைக் காட்டினால் போதும். பாடல்களின் நீளத்தை வைத்துத்தான் அது சிடியை அடையாளம் காணும் என்பதால் ஒரு பாடலும் விடுபட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு டிரைவும் சில சாம்பிள்கள் முன்பின்னாகப் படிக்கத் தொடங்கும். இதை ஆஃப்செட் என்பார்கள். அதையும் இது சமாளித்துக்கொள்ளும். சின்னச் சேதமாக இருந்து, கியூடூல்ஸின் சொந்தத் தரவுத்தளத்தில் அந்த சிடியும் இருந்தால், பழுதைச் சரிசெய்தும் தரும்.

முடிவு பொருந்தவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். பத்தில் ஒரு பாட்டு மட்டும் பொருந்தவில்லையா? பெரும்பாலும் கீறல் அல்லது அழுக்கு. பத்துமே பொருந்தவில்லை என்றால் உங்களுடையது வேறு பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, சிடியே பட்டியலில் இல்லையென்றால்? அதிகம் விற்காத கர்நாடக இசை சிடிகளுக்கு இப்படி நடக்கலாம். இரண்டு வெவ்வேறு டிரைவ்களில், இரண்டுக்கும் ஆஃப்செட்டைச் சரியாக அமைத்து, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற ரிப் மென்பொருளின் செக்யூர் முறையில் ரிப் செய்து, அது காட்டும் சிஆர்சி எண்களை (இதுவும் ஒருவகைச் செக்சம்தான்) ஒப்பிடுங்கள். ஒரே டிரைவில் இரண்டு முறை படித்து நிம்மதியடையாதீர்கள். அது இரண்டாம் முறை வட்டைத் தொடாமலே தன் கேஷ் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம், அல்லது அதே கீறலில் அதே மாதிரி தடுமாறியிருக்கலாம்.

எண்கள் ஒத்துவராத சிடியை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிதாக விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக ஓடும். அதுதான் பிழைதிருத்தத்துக்குப் பெரிய தலைவலி. அப்புறம், லேபிள் பக்கத்தையும் கவனியுங்கள். இசை இருக்கும் அடுக்கு அந்த மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே உரிந்துபோயிருந்தால் எந்த மெருகும் உதவாது.