8 செ.மீ. இருக்கட்டும், அந்த ஈரம் எத்தனை நாளாக?

35 வாரக் கர்ப்பம், ஸ்கேனில் பனிக்குட நீர் 8 செ.மீ., நீர் குறைந்தால் நுரையீரல் வளராது என்று ஒரு வீடியோவில் பார்த்தீர்கள், அதனால் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு ஊசி போடலாமா? கேள்வி புரிகிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில், நெஞ்செரிச்சலுக்கும் இடுப்பு வலிக்கும் நடுவில், "இரண்டு நாளாக உள்ளாடை நனைகிறது, சிறுநீராகத்தான் இருக்கும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் நின்றது அங்கேதான்.

சிறுநீராகவும் இருக்கலாம், இந்த மாதத்தில் இருமினால், தும்மினால் கசிவது சகஜம். ஆனால் படுத்து எழும்போது குபுக்கென்று வந்து, துணியில் சிறுநீர் வாடையே இல்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தால் பனிக்குடத்தில் கசிவு இருக்கலாம். சுத்தமான பேடு வைத்துக்கொண்டு இன்றே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்த பேடையும் காட்டுங்கள். கசிவு நீள நீளக் கிருமி உள்ளே ஏறும் அபாயமும் கூடும். நீர் பச்சையாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நடுராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும்.

இனி அந்த 8. பொதுவாக 5 முதல் 25 வரை இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். நீர் இல்லாமல் நுரையீரல் வளர்ச்சி தடைபடுவது பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதத்திலேயே நீர் மிகவும் வற்றிப்போன கர்ப்பங்களில். உங்கள் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் என்ற வழவழப்பு 24 வாரம் வாக்கில் சுரக்கத் தொடங்கி, 35 வாரத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமான அளவு சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு ஊசி முக்கியமாக 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் போடுவது. அதற்கு மேல் போடுவதா வேண்டாமா என்பதை உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர் சொல்லட்டும், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிப்போகலாம் என்பதையும் அவர் கணக்கில் எடுப்பார்.

அப்புறம், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக்! பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான், அந்த மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து அதையே குறைக்கும். நீர் போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டே நீரைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள், எத்தனை போட்டீர்கள் என்பதையும் இன்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சலா? இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள், பிரசவத்தோடு போய்விடும்.