வெட்டி வைத்த மரம் உளுக்காமல் இருக்க: கேள்வி பதில்

தென்காசிப் பக்கம் மரவாடி வைத்திருக்கிறேன். கதவு, நிலை, கட்டில் செய்வதற்கென்று மரம் அறுத்து வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சங்கரன்கோவிலிலிருந்து: அண்ணாச்சி, தோட்டத்து வாகை மரத்தை அறுத்துப் பலகையாக ஷெட்டில் அடுக்கி வைத்தேன். இப்போது அடியில் மாவு மாவாகக் கொட்டிக் கிடக்கிறது. பலகையில் குண்டூசித் துளைகள். கரையானா?

கரையான் இல்லை தம்பி. கரையான் வந்தால் மண் இருக்கும்; தரையிலிருந்து மண்ணால் பாதை போட்டுத்தான் ஏறும். இது உளு வண்டின் வேலை. அந்த மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நரநரப்பே இல்லாமல் நைசாக இருந்து, துளையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் சின்ன ஜாதி வண்டு. துளை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெரிய ஜாதி. இன்னொன்றும் உண்டு, கடலோர ஊர்களில் பார்க்கலாம்: தூளுக்குப் பதிலாகக் கசகசா அளவில் ஆறு பட்டை வைத்த மணிகள் கொட்டும். அது காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். அதற்கு மண் தேவையில்லை.

இப்போது ஒரு பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். நடுவில் கருத்திருக்கும் முற்றிய பகுதி வைரம், ஓரத்தில் வெளுத்திருக்கும் பகுதி வெள்ளை. துளையெல்லாம் வெள்ளையில்தான் இருக்கும். வைரம் தொடங்குகிற கோட்டோடு நின்றுவிடும். வண்டுக்கு வேண்டியது மாவுச்சத்து. மரம் உயிரோடு நின்றபோது அதைச் சேர்த்து வைத்தது வெள்ளையில். வைரத்தில் அது கிடையாது. அதோடு பூச்சிக்கு ஆகாத பொருள்களும் அங்கே ஏறியிருக்கும். சின்ன ஜாதி வண்டு மரத்தின் நுண்ணிய குழல்களுக்குள் முட்டை இடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி வெளியே வரும்போது போடுவதுதான் நீங்கள் பார்க்கிற துளை. அதனால் துளை கண்ணில் படும்போது ஒரு தலைமுறை தின்று முடித்திருக்கும்.

அவரே மறுபடியும்: அப்போ இந்தப் பலகைகளை என்ன செய்ய?

முதலில் மற்ற மரத்திலிருந்து பிரித்து வையுங்கள். சாமில்லில் கொடுத்து வெள்ளையைச் சீவி எடுத்து, அந்தத் துண்டுகளை அன்றைக்கே எரித்துவிடுங்கள். விறகுக்கு ஆகும் என்று மூலையில் போட்டு வைத்தால் அதிலிருந்தே வண்டு கிளம்பும். மிச்சமிருக்கும் வைரம் தாராளமாகத் தாங்கும்.

வெள்ளையோடு சேர்த்துத்தான் பலகை வேண்டும் என்றால் சூடுதான் வழி. தூத்துக்குடி, சென்னை மாதிரித் துறைமுக ஊர்களில் ஏற்றுமதிக்குப் பெட்டி செய்கிறவர்கள் சூட்டறை வைத்திருப்பார்கள். பெட்டி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது உலகளவில் உள்ள விதி. தடித்த பலகைக்கு அந்தச் சூடு நடுவரை போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும், அதைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: சூடு உள்ளே இருப்பதைத்தான் கொல்லும், நாளைக்கு வருகிற வண்டைத் தடுக்காது.

ஈரோட்டிலிருந்து: ஐயா, தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்கிறார்களே?

நான் நிலவைப் பார்த்து மரம் வாங்குவதில்லை. மாவுச்சத்து பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும், அது உண்மை. துளிர் விடும்போது மரம் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும். மூங்கிலில் புது முளை கிளம்புவதற்கு முன்னால் மாவு நிறைய இருக்கும், அப்போது வெட்டினால் வண்டு மொய்க்கும். மழைக்காலம் முடிந்து வெட்டுவது நல்லது.

பெரியவர்கள் செய்த இன்னொரு காரியத்தை நான் முழுசாக நம்புகிறேன். மரத்தைச் சாய்த்ததும் கிளையைக் கழிக்காமல், இலையோடு சில வாரம் அப்படியே போட்டு வைப்பார்கள். இலை வாடும்வரை தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், கட்டையில் இருக்கும் மாவும் குறையும். காசு செலவில்லாத வேலை. இன்றைக்கு லாரி காத்திருக்கிறது என்று அரை நாளில் கழித்து ஏற்றிவிடுகிறோம்.

தஞ்சாவூரிலிருந்து: எங்கள் அப்பா பூவரசங்கட்டையைக் குளத்தில் ஊறப்போட்டுத்தான் எடுப்பார். இப்போதும் அது சரிதானா?

சரிதான் அம்மா, நல்ல முறை. தண்ணீருக்குள் வண்டு முட்டை இட முடியாது. ஊற ஊற நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்று தீர்த்துவிடும். கொஞ்சம் கரைந்தும் போகும். நாற்றம் வருவது அதனால்தான், பயப்பட வேண்டாம். கட்டை முழுக்க மூழ்க வேண்டும். மிதந்தால், மேலே தெரிகிற முதுகில் வண்டு ஏறும். கல் ஏற்றி அமுக்கி வையுங்கள். மூங்கிலுக்குச் சில வாரம் போதும், பருத்த கட்டைக்கு மாதக்கணக்கில் ஆகும். எடுத்த பிறகு நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

புதுக்கோட்டையிலிருந்து: அண்ணே, வேப்பமரம் கசப்புதானே? அதைப் பூச்சி தொடாதுதானே?

தொடும். கசப்பு இலையிலும் கொட்டையிலும் அதிகம். வேம்பின் வெள்ளை மற்ற மரத்து வெள்ளை மாதிரியே உளுக்கும். தேக்கும் அப்படித்தான். தேக்கு வைரத்துக்குள்ள பெயரை நம்பி, பாதி வெள்ளையாக இருக்கும் இளந்தேக்கை அதே விலைக்கு வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கடையில் கட்டையின் வெட்டு முகத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளி வளையம் எவ்வளவு அகலம் வெளுத்திருக்கிறதோ அவ்வளவும் கழிவு என்று கணக்குப் போடுங்கள்.

சிவகாசியிலிருந்து: போரிக் பவுடர், வெண்காரம் கலந்து முக்கச் சொல்கிறார்கள். அளவு என்ன?

வெண்காரம் (போராக்ஸ்) மூன்று பங்கு, போரிக் அமிலம், அதாவது நீங்கள் சொல்கிற போரிக் பவுடர், இரண்டு பங்கு. 100 லிட்டர் தண்ணீருக்கு 6 கிலோ வெண்காரம், 4 கிலோ போரிக் அமிலம். வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும்.

அளவைவிட நேரம் முக்கியம். இந்த மருந்து மரத்தில் இருக்கும் ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே போகும். அதனால் அறுத்த அன்றைக்கே, பச்சையாக இருக்கும்போதே முக்க வேண்டும். ஒரு நாளாவது மூழ்கிக் கிடக்கட்டும். எடுத்ததும் காய விடாதீர்கள். பலகை மேல் பலகையாக இடைவெளி இல்லாமல் அடுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஓரங்குலப் பலகைக்கு நாலு வாரம், இரண்டு அங்குலம் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல். அதற்குப் பிறகுதான் பிரித்துக் காய வைப்பது. காய்ந்த பலகையில் பிரஷ்ஷால் அடித்தால் மேல்தோலில்தான் நிற்கும், உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

மழை படுகிற இடத்துக்கு இது ஆகாது, கரைந்து போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சக் கரைசலைச் செடிகொடிக்குப் பக்கத்திலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். காய் நறுக்கும் பலகைக்கு இந்த மருந்தே வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து: ரப்பர் மரக் கட்டில் வாங்கினோம். காலுக்கு அடியில் தூள்.

ரப்பர் மரத்தில் வைரம் என்று தனியாகக் கிடையாது, மாவுச்சத்தோ ஏராளம். அறுத்த சில நாளுக்குள் மூடிய தொட்டியில் அழுத்தம் கொடுத்து, மேலே சொன்ன வெண்காரம் போன்ற போரான் மருந்தை ஏற்றினால்தான் அது மரம். மருந்து ஏற்றியதா என்று கடையில் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்: பாலிஷ் போடாத அடிப்பக்கத்தில்தான் துளை இருக்கும். பாலிஷ், மரத்தின் நுண்குழல் வாயை அடைத்துவிடுவதால் அங்கே முட்டை வைக்க முடியாது. தூள் கொட்டுகிற காலை மாற்றிவிட்டு, மற்ற எல்லா மறைவிடங்களுக்கும் பாலிஷ் அடியுங்கள்.

திருச்செந்தூரிலிருந்து: பழைய என்ஜின் ஆயில் பூசலாமா? நெல்லுக்கு வைக்கும் புகை மாத்திரையை மரத்துக்கு வைக்கலாமா?

மாத்திரை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. வீட்டிலோ வீட்டை ஒட்டிய ஷெட்டிலோ வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ஆயில் மேலோடு நிற்கும், அப்புறம் பெயிண்ட் ஒட்டாது. ஓட்டுக்கூரைக் கைமரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் நல்லது. தோலில் பட்டால் புண்ணாக்கும், பார்த்துப் பூசுங்கள்.

ராஜபாளையத்திலிருந்து: வீடு தொடங்க ஒரு வருடம் ஆகும். அதுவரை மரத்தை எப்படி அடுக்குவது?

பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள். சில வண்டுகள் பட்டைக்கு அடியில்தான் தொடங்கும். வெட்டு முகம் இரண்டிலும் பழைய பெயிண்டோ மெழுகோ பூசுங்கள், வெடிப்பு குறையும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் தூண் வைத்து, அதன் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓரங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), இரண்டு அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில். அந்த ரீப்பர் வைரக்கட்டையாக இருக்கட்டும். வெள்ளை ரீப்பரில் உளு இருந்தால் நீங்களே வண்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்த மாதிரி. மேலே கூரை வேண்டும், நாலு பக்கமும் காற்று வேண்டும். விறகு, பழைய மூங்கில், உடைந்த கட்டில் எதுவும் பக்கத்தில் கூடாது.

அடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து வையுங்கள். புதுத் தூள் விழுந்தால் பளிச்சென்று தெரியும். பார்த்ததும் கூட்டிவிட்டு, மறுவாரம் மறுபடியும் விழுகிறதா என்று கவனியுங்கள். விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, அந்தப் பலகையை உடனே வெளியே எடுங்கள்.

அவரே மறுபடியும்: ஒரு கட்டையில் துளையைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறது, தூளே இல்லை. அதையும் கழிக்கவா?

வேண்டாம். அது பச்சை மரத்தில் மட்டும் பிழைக்கிற வண்டு. மரம் காய்ந்ததும் செத்துப்போகும், இனிப் பரவாது. கறுப்பு வளையம் கண்ணுக்கு உறுத்தினால் அந்தக் கட்டையைக் கட்டிலின் அடிச்சட்டத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் ஆசாரியிடம்.