படகு எஞ்சினின் கூலிங் சிஸ்டத்தில் பிடித்த கறளை எப்படி எடுப்பது?

கேள்வி: கொழும்பு முகத்துவாரத்தில் நிற்கும் எங்கள் படகில் பழைய டீசல் எஞ்சின், உள்ளே பூட்டியது. ஹெடர் டேங்க் (கூலிங் தண்ணீர் ஊற்றும் மேல் தொட்டி) மூடியைத் திறந்தால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. வேகம் கூட்டினால் சூடு ஏறுகிறது. கிளீனர் ஏதாவது ஊற்றினால் சரிவருமா? அசிட் போடலாமா?

போடலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலைக்கு வளைத்த கம்பியும் தண்ணீர் ஹோஸும் போதும். எடுத்த எடுப்பிலேயே மருந்து ஊற்றுகிறவர்கள்தான் கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்கள். வார்ப்பிரும்பில் பிடிக்கும் கறள் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருக்கும். அமிலம் பட்டதும் அது முழுக்கக் கரைந்துவிடாது. அடிப்பிடிப்பு விட்டுப் பெயர்ந்து, தண்ணீரோடு ஓடி, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் (எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் கருவி) குழாய்க் கட்டின் நெருக்கமான சந்துகளில் போய்ச் செருகிக்கொள்ளும். அங்கே கம்பி விட்டும் எடுக்க முடியாது. முன்பு வேகம் கூட்டினால் மட்டும் சூடேறிய எஞ்சின், அதன்பிறகு சும்மா நின்று ஓடும்போதே சூடேறத் தொடங்கும்.

அதற்கும் முன்னால், கறள் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். உங்கள் மாதிரி எஞ்சினில் இரண்டு தண்ணீர் ஓட்டங்கள் உண்டு. பிளாக் (எஞ்சினின் உடல்), அதன் மேல் மூடும் ஹெட், ஹெடர் டேங்க் வழியாகச் சுற்றிச் சுற்றி வருவது நல்ல தண்ணீர். கடலிலிருந்து இழுத்து, எக்ஸ்சேஞ்சர் குழாய்களுக்குள்ளே போய், புகையோடு சேர்ந்து வெளியே விழுவது உப்புத் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை, சூட்டை மட்டும் கைமாற்றும். ஹெடர் டேங்க் சிவந்திருக்கிறது என்றால் கறள் நல்ல தண்ணீர்ப் பக்கம், பெரும்பாலும் பிளாக்கின் உள்சுவரில். ஆனால் சூட்டுக்குக் காரணம் அதுதான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். புகைக்குழாயில் தண்ணீர் முன்பு போலத் தாராளமாக விழுகிறதா என்று பாருங்கள். குறைந்து, வெள்ளையாக ஆவியும் வந்தால் உப்புத் தண்ணீர்ப் பக்கத்திலும் கோளாறு இருக்கிறது: வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது பம்பின் ரப்பர் இம்பெல்லர் இதழ் உடைந்திருக்கும். உடைந்த இதழைத் தேடிப் பிடித்தே ஆகவேண்டும், அது வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கும். முகத்துவாரத்தில் நிற்கிற படகு என்பதால் இன்னொன்று. தென்மேல் பருவ மழையில் களனி கங்கை கலங்கி வரும்போது மண்ணும் குப்பையும் சேர்ந்தே உள்ளே போகும். அந்த மாதங்களில் வடிகட்டியை அடிக்கடி கழற்றிப் பார்க்காவிட்டால் சூடு ஏறத்தான் செய்யும், கறளைத் திட்டிப் பயனில்லை.

ஹெடர் டேங்கில் எண்ணெய்ப் படலமோ பால் போன்ற நுரையோ இருந்தால் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். அது ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் விவகாரம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரி, நல்ல தண்ணீர்ப் பக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு (சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் துறைமுகத்துக்கு ஒருவராவது இருப்பார்கள்) தண்ணீரை வடித்து, எத்தனை லீற்றர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மருந்து கலக்க அந்தக் கணக்கு வேண்டும். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) கழற்றி வெளியே எடுங்கள். எக்ஸ்சேஞ்சருக்குப் போகிற ஹோஸ்களையும் பிரித்துவிடுங்கள், பிளாக்கிலிருந்து வருகிற குப்பை அதற்குள் போகக்கூடாது. அடுத்தது பிளாக்கின் பக்கவாட்டில் கீழே இருக்கும் வடிகால் பிளக். பழைய எஞ்சின்களில் அதைக் கழற்றினாலும் தண்ணீர் வராது. காலி என்று நினைக்காதீர்கள். உள்ளே சேறும் கறளும் இறுகி ஓட்டையை அடைத்திருக்கும். வளைத்த கம்பியை விட்டுக் குடைந்தால் முதலில் கறுப்பாகக் கூழ், அப்புறம் சிவப்புத் தண்ணீர், அதன்பிறகு பொருக்குகள் வரும். இது அடியில், அதுவும் பின்பக்க சிலிண்டரைச் சுற்றித்தான் அதிகம் சேர்ந்திருக்கும், தண்ணீர் ஓட்டம் அங்கே மந்தம். தெர்மோஸ்டாட் வாயால் ஹோஸ் தண்ணீரைத் திறந்துவிட்டு, வழமையான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் கழுவுங்கள், நடுநடுவே கம்பி போட்டுக் குடையுங்கள். பொருக்கு விழுவது நிற்கும்வரை விடாதீர்கள். இதற்கே அரை நாள் போகலாம். உண்மையான சுத்தம் இதுதான், மற்றதெல்லாம் மெருகு.

இவ்வளவும் முடிந்தபின் சுவரில் மிச்சம் ஒட்டியிருப்பதற்குத்தான் அமிலம். நான் சொல்வது சிட்ரிக் அமிலம், கேக் சாமான் விற்கும் கடைகளில் தூளாகக் கிடைக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். கழிவறை கழுவும் அசிட்டையோ ஹாட்வெயார் கடை அசிட்டையோ கொண்டுவந்து காட்டி "இதுதான் வேகமாக வேலை செய்யும்" என்று ஆட்கள் சொல்வார்கள். வேகம்தான், ஆனால் அதற்குக் கறள் எது, நல்ல இரும்பு எது என்ற பேதம் கிடையாது. அலுமினியம் பட்டால் இன்னும் மோசம். சிட்ரிக் அமிலம்கூட அலுமினியத்தை மெதுவாக அரிக்கும். அதனால் ஒரு காந்தத்தை எடுத்து ஹெட், தெர்மோஸ்டாட் கூடு, எக்ஸ்சேஞ்சரின் வெளிக்கூடு என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், பார்க்க வெள்ளையாக, பழைய அலுமினியச் சட்டி போல மங்கியிருந்தால் அது அலுமினியம். கழற்றக்கூடியதென்றால் கழற்றிவிட்டு அந்த இடத்தை ஹோஸால் இணைத்துவிடுங்கள். ஹெட்டே அலுமினியம் என்றால் அமில வேலையை விட்டுவிட்டுத் தண்ணீரோடு நிறுத்துங்கள்.

வடிகால் பிளக்கையும் பிரித்த ஹோஸ்களையும் திரும்பப் பூட்டி, கரைசலை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, மெல்லிய சூட்டில் சுற்றவிடுங்கள். உப்புத் தண்ணீர்ப் பக்கம் வழக்கம்போல ஓடட்டும். எக்ஸ்சேஞ்சர் இணைப்பில் இல்லையென்றால் சூட்டைக் குறைக்க எதுவும் இருக்காது, அதனால் விட்டு விட்டு, கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் கரைசல் கடும் பழுப்பாகிவிடும். வடித்துவிட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் புதிதாகக் கலந்து இன்னொரு தடவை. இரவு முழுக்க ஊறவிடுவது வேண்டாம். இந்த வேலையில் வரும் வாயு ஹைட்ரஜன், எஞ்சின் அறை மூடியைத் திறந்து வைத்து, பீடி சிகரெட்டைக் கரையில் விட்டுவிட்டு வாருங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். வடிக்கிற தண்ணீரைத் துறைமுகத்துக்குள் ஊற்றாமல் கேனில் பிடித்து, அப்பச்சோடா போட்டு அமிலத்தை முறித்த பிறகு கரைக்குக் கொண்டுபோங்கள்.

எஞ்சினுக்குள்ளும் அதே அப்பச்சோடாதான். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து சிறிது நேரம் சுற்றவிட்டு, பிறகு வெறுந்தண்ணீரால் கழுவுங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் கழுவுவதற்கு நல்லதுதான். லபுகம, களட்டுவாவ, அம்பத்தளை என்று ஈரவலயத் தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் இதே வேலையைச் செய்தால் கறளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பைப் பூசுகிற கதைதான். ஆனால் கடைசியாக நிரப்புவதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், பெற்றரித் தண்ணீர் (பெற்றரிக்கு ஊற்றும், உப்புகள் நீக்கிய தண்ணீர்) வாங்குங்கள். கழுவிய கையோடு நிரப்ப வேண்டும். அமிலம் பட்டுச் சுத்தமான இரும்பு காற்றில் சும்மா நின்றால் நீங்கள் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் மறுபடி மஞ்சள் பூத்துவிடும்.

நிரப்புவது கூலண்ட், பெற்றரித் தண்ணீரோடு பாதிக்குப் பாதி. இந்த இடத்தில்தான் படகுக்காரர்களோடு எனக்கு வழமையாகச் சண்டை. "தம்பி, கொழும்பில என்ன பனியா கொட்டுது, கூலண்டுக்கு ஏன் காசு?" என்பார்கள். தண்ணீர் உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். அதில் இருக்கிற கறள் தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டியது. உங்கள் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்ததே வெறுந்தண்ணீரை ஊற்றி, குறையக் குறைய இன்னும் வெறுந்தண்ணீரை ஊற்றி வந்ததால்தான் என்று பந்தயம் கட்டுவேன். ஒவ்வொரு புதுத் தண்ணீரும் புது ஒட்சிசனைக் கொண்டுவருகிறது. நிறம் பார்த்து வாங்காமல் எஞ்சின் கையேடு சொல்லும் வகையை வாங்குங்கள், இரண்டு வகையைக் கலக்கவேண்டாம். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டுமுன் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, திறக்கிறதா என்று பாருங்கள். சிலர் "சூடேறாது" என்று அதைக் கழற்றியே வைத்துவிடுகிறார்கள். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் அதுவும் கேடு.

உப்புத் தண்ணீர்ப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். அங்கே கறள் வருகிற இடம் முக்கியமாகப் புகையும் தண்ணீரும் சேருகிற எல்போ, அதாவது வளைவுக் குழாய். வார்ப்பிரும்பு எல்போ என்றால் அமிலம் ஊற்றித் தேற்ற நினைக்க வேண்டாம். கழற்றி, உள்ளே பார்த்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ பொருக்கு கொட்டினாலோ புதிது வாங்குங்கள். அது உள்ளே ஓட்டையானால் கடல் தண்ணீர் சிலிண்டருக்கே போய்விடும், அப்போது எல்போ விலை சில்லறையாகத் தெரியும். எக்ஸ்சேஞ்சரில் திருகியிருக்கும் சிங்க் கட்டை (தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பது) பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். ஆற்று வாயில் உப்பு குறைந்த தண்ணீரில் அதிக நாள் நிற்கிற படகுக்கு அலுமினியக் கட்டை பொருந்தும். நல்ல தண்ணீர் கலந்த இடத்தில் சிங்க்கின் மேல் ஒரு படலம் படிந்து அது வேலை செய்யாமல் போகும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், பின்னால் தொங்கும் அவுட்போர்ட் வைத்திருக்கிறவர்கள் இதையெல்லாம் செய்ய வேண்டாம். அதன் உடல் பெரும்பாலும் அலுமினியம், அதற்கு எதிரி உப்பு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவினால் போதும்.

வேலை முடிந்து முதல் சில பயணங்கள் ஓடியதும் ஹெடர் டேங்க் மூடியை, ஆறிய பிறகுதான், திறந்து பாருங்கள். லேசாகச் சிவந்தால் பயமில்லை, ஒட்டியிருந்த மிச்சம்தான். ஒருமுறை வடித்துப் புதுக் கூலண்ட் நிரப்புங்கள். மட்டம் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால் கறள் எங்கோ ஓட்டையை மூடிக்கொண்டிருந்தது, நீங்கள் அதை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முதலில் பிளாக் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகட்டு பிளக்குகளைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கசியும். அவை மலிவு, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் அளவு பார்த்துத் தருவார்கள்.