தோட்டப் பாதையில் ஓடும் காரின் அடிப்பாகத்தைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

தலவாக்கலைப் பகுதியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பான தமது ஜப்பானியக் காரின் அடிப்பாகத்தில் ஆங்காங்கே துரு படர்ந்திருப்பதையும், பின்சில்லுக்கு அருகே தகடு செதில் செதிலாக உரிவதையும் கண்டதாக எழுதியிருக்கிறார். தார் போன்ற கறுப்புப் பூச்சை அடித்துவிடலாம் என்று சேர்விஸ் நிலையத்தில் சொல்கிறார்கள்; பழைய என்ஜின் ஒயிலைத் தெளித்தாலே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மரக்கறித் தோட்டத்துக்கு உர மூட்டைகளையும் இந்தக் காரிலேயே ஏற்றுவதுண்டாம். இரண்டில் எதைச் செய்வது என்பது அவரது கேள்வி.

இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். தகடு உரியத் தொடங்கிவிட்ட இடத்தின்மேல் எதைப் பூசினாலும் அது துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது. முதலில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பழுதைத் திருத்திய பிறகுதான் பூச்சுக்கு வர வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் செலவழித்த பணம் வீணாவதோடு கேடும் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இன்றைய விலையில் வேறொரு கார் வாங்குவது பலருக்கு எட்டாத காரியம் என்பதால், இருக்கும் காரின் உடம்பைக் காப்பதில் அவசரப்படக் கூடாது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் இருந்தால் போதும். ஓடி வடிந்துவிடும் மழைநீரால் பெரிய தீங்கில்லை. சேற்றுக்குள் தங்கும் ஈரமே தகட்டைத் தின்கிறது. மட்கார்டின் உள்மடிப்பில் தோட்டப் பாதையின் செம்மண்ணும் டர்பன்டைன் மர இலைகளும் சேர்ந்து கெட்டியாகிவிட்டால், வெளியே நல்ல வெயில் அடித்தாலும் அந்த இடம் பல நாட்களுக்குக் காயாது. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டுவது வழக்கம். நுவரெலியாவில் பெய்வது அதில் பாதியைக்கூட எட்டாது. ஆனாலும் அங்கே குளிர் துருவின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் அதே வேளையில் மூடுபனி ஈரத்தைக் காயவிடாமல் வைத்திருக்கிறது.

கடற்கரை ஊர்களைப் போல நமக்கு உப்புக்காற்று இல்லை என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த உப்பின் வேலையை இங்கே உரம் செய்துவிடுகிறது. தேயிலைக்கும் மரக்கறிக்கும் இடப்படும் அமோனியம் சல்பேற்றும் பொட்டாஷ் எனப்படும் பொற்றாசியம் குளோரைட்டும் நீரில் எளிதில் கரையும் உப்புகளே. மூட்டையிலிருந்து சிந்தும் துகள்கள் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தகட்டில் துரு வேகமாகப் பரவ வழி செய்கின்றன. ஆகவே, உங்கள் காரின் பின்சில்லுக்கு அருகே தெரியும் துரு அடியிலிருந்து மேலே போனதாக இருக்க வேண்டும் என்பதில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மேலதிகச் சில்லு வைக்கும் குழியையும் அதன் ஓரங்களையும் பாருங்கள். அங்கே வெள்ளைப் படிவோ ஈரமோ இருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது, அடிப்பூச்சு எதுவும் அதைத் தொடப்போவதில்லை. உரம் ஏற்றத்தான் வேண்டுமென்றால் தடித்த பொலித்தீன் விரிப்பின்மேல் வைத்து, அன்றைக்கே விரிப்பை வெளியே எடுத்து, சிந்தியதை முதலில் உலர்ந்தபடியே கூட்டி அள்ளிவிட்டு, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

காரின் பழைய வரலாறும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹொக்கைடோ போன்ற பனி பொழியும் பகுதிகளில் குளிர்காலத்தில் வீதியில் உப்பு தூவுவார்கள். அங்கே ஓடிய கார்களின் தகட்டு மடிப்புகளில் அந்த உப்பு தங்கியே கப்பலேறும். வாங்கும்போது தரப்பட்ட ஜப்பானிய ஏல அறிக்கை உங்களிடம் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். காரின் படத்தில் ‘எஸ்’ என்ற குறி துருவையும் ‘சி’ என்ற குறி அதைவிட முற்றிய அரிப்பையும் காட்டும்.

அடுத்து, காரை ஹொயிஸ்ட்டில் ஏற்றச் சொல்லி நீங்களே கீழே நின்று பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனையில் அடிப்பாகத்தை எவரும் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியவை பிரேக் குழாய்கள். விரல் தடிப்புக்கும் குறைவான இந்த உருக்குக் குழாய்கள், கிளிப்பால் தகட்டோடு பிடிக்கப்பட்டிருக்கும் இடத்தில் சேறு தங்கி, வெளியில் தெரியாமலே அரிக்கப்படும். றம்பொடையில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்கும்போதுதான் அவற்றின்மீது அழுத்தம் மிகுதியாக விழுகிறது. பலவீனமான குழாய் வெடித்தால் பிரேக் ஒயில் வெளியேறி மிதி தரையோடு போய்விடும். குழாய் பொருக்குத் தட்டியிருந்தால் சுரண்டிப் பெயின்ட் அடிக்காமல் உடனே மாற்றிவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

பிறகு கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தையும், ஜக் வைக்கும் இடங்களையும், சஸ்பென்ஷன் கைகள் உடலோடு பூட்டப்பட்டிருக்கும் இடங்களையும் ஸ்குரூட்ரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது; மந்தமாக ஒலித்தாலோ தகடு உள்ளே அமிழ்ந்தாலோ அங்கே மிஞ்சியிருப்பது துருதான். அப்படிப்பட்ட இடத்தில் பட்டி வைத்து மூடுவதற்கு எந்த டிங்கர் பாஸும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள்: உரிந்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்றுவது அவசியம். ஹைபிரிட் கார் என்றால், உயர் மின்னழுத்தத் தொகுதியை முறைப்படி துண்டிக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள். மேற்பரப்பில் மட்டும் படர்ந்த துரு இவ்வளவு கவலைக்குரியதல்ல. கம்பித் தூரிகையால் தேய்த்து, டானிக் அமிலமோ பொஸ்பரிக் அமிலமோ கலந்த துருமாற்றுத் திரவத்தைப் பூசி, காய்ந்ததும் பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதும்.

இனிப் பூச்சுக்கு வருகிறேன். பழைய என்ஜின் ஒயில் வேண்டவே வேண்டாம். அதில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலங்களும் தோலுக்கு ஆகாத, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் இருக்கின்றன. அது றப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக்கில் வடியும், மழையில் கழுவப்பட்டு நம் ஓடைகளிலேயே போய்ச் சேரும். தார்ப்பூச்சு அப்படிக் கெட்டதல்ல. புதுத் தகட்டின்மேல் சுத்தமாக அடித்தால் கல் தெறிப்பைத் தாங்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி வெடிக்கும். வெடிப்புக்குள் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தகட்டுக்கும் பூச்சுக்கும் இடையில் தங்கிவிடும். ஏற்கெனவே துருப்பிடித்த, 10 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் காருக்கு ஏற்றது மெழுகு அல்லது லனோலின் (ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) அடிப்படையிலான, இறுகாத பூச்சு. அது மடிப்புகளுக்குள் ஊறிப் போகும்; கல் பட்டு உரிந்தாலும் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் தெளித்துவிடலாம். பெட்டிச் சட்டத்துக்குள்ளும் மெல்லிய குழாயைச் செலுத்தி இதைத் தெளிக்கச் சொல்லுங்கள். வெளிப்புறத்தை மட்டும் கறுப்பாக்கிக் கொடுக்கும் வேலை பாதி வேலைதான். நீர் வடியும் துவாரங்கள் அடைபட்டிருந்தால், முதலில் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் அவற்றைத் திறந்து, தெளித்து முடித்த பிறகும் ஒருமுறை சரிபாருங்கள். பிரேக் தட்டு, சைலன்சர், றப்பர் பாகங்கள், சென்சர்கள், ஹைபிரிட் காரின் செம்மஞ்சள் நிற வயர்கள் ஆகியவற்றின்மேல் பூச்சு படக் கூடாது.

எப்போது செய்வது என்பது ஊரைப் பொறுத்தது. தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் பெப்ரவரியும் மார்ச்சும் உகந்தவை. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் இறங்குவதற்குள் வேலை முடிந்திருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான வறண்ட மாதங்களே வசதி. கழுவிய கையோடு அன்றைக்கே தெளித்துத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு வெயில் நாட்களாவது கார் ஓடிக் காய வேண்டும்.

அதுவரை புல்தரையில் நிறுத்துவதைத் தவிர்த்து, சரளை போட்ட இடத்திலோ கொங்கிரீட் தளத்திலோ நிறுத்துங்கள். ஈரக் காரைத் தறப்பாளால் இறுக்கி மூடாதீர்கள். சேற்றுப் பாதையில் ஓடிய பிறகு சாதாரணத் தண்ணீர்க் குழாயால் மட்கார்டின் உட்புறத்தைக் கழுவினாலே பெரும்பகுதி சேறு போய்விடும். அழுத்த இயந்திரத்தால் கழுவுவதானால் முனையை ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடித்து, வயர் இணைப்புகளையும் றப்பர் உறைகளையும் விட்டு விலகிக் கழுவச் சொல்லுங்கள். மெழுகுப் பூச்சு சில்லுகளுக்குப் பின்னால்தான் முதலில் தேய்ந்துபோகும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அந்த நான்கு இடங்களையும் பார்த்து, தகடு வெளியே தெரிந்தால் அங்கே மட்டும் மீண்டும் தெளித்துக்கொள்ளுங்கள்.