அம்மாவுக்கு அசிஸ்டட் லிவிங் சரிவருமா?

கேள்வி: கோவையில் தனியாக இருக்கும் 78 வயது அம்மாவுக்கு முதியோர் குடியிருப்பு நல்லதா, அசிஸ்டட் லிவிங் (குளிக்க, உடை மாற்ற என்று அன்றாடம் கைகொடுக்க ஆள் இருக்கும் இல்லம்) நல்லதா?

இடம் தேடக் கிளம்பும் முன் அம்மாவோடு இரண்டு நாள் முழுதாகத் தங்கிப் பாருங்கள். குளியல், உடை மாற்றுவது, கழிப்பறை, கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானாகச் சாப்பிடுவது. முதியோர் மருத்துவத்தில் இந்த ஆறையும்தான் பார்க்கிறார்கள். ஒன்றுக்கும் ஆள் வேண்டாம், சமைக்கத்தான் முடியவில்லை என்றால், கோவையைச் சுற்றி நிறைய வந்திருக்கும் முதியோர் குடியிருப்புகளில் ஒன்றே போதும். மெஸ் சாப்பாடு, காவல், பேச்சுத்துணை எல்லாம் இருக்கும். ஆனால் குளிப்பாட்டிவிட ஆள் வேண்டுமென்றால் பெரும்பாலும் நீங்கள்தான் தனியாகப் பார்க்க வேண்டும். ஆறில் இரண்டு மூன்றுக்கு ஒரு கை தேவைப்பட்டால் அசிஸ்டட் லிவிங் பாருங்கள். மூக்குக்குழாய், படுக்கைப்புண் என்று வந்துவிட்டால் நர்ஸ் கூடவே இருக்கும் இடம் வேண்டும்.

என் அம்மாவுக்குத் தேடியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்த்து மயங்கிச் சேர்த்துவிட்டோம். அழைப்பு மணி கட்டில் பக்கத்தில் இருந்தது, பாத்ரூமில் இல்லை. அம்மா விழுந்தது பாத்ரூமில். விடிகாலை காபி கொண்டுவந்த பெண் பார்க்கும்வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். "எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா, ஒருத்தருக்கும் கேக்கல கண்ணு" என்றார்.

அப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் நேராக பாத்ரூமுக்குத்தான் போனேன். கம்பியைப் பிடித்து என் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் கைப்பிடி என்று காட்டியது துண்டு போடும் கம்பி; இழுத்ததும் ஸ்க்ரூ வெளியே வந்துவிட்டது. நீங்களும் இழுத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இரவில் எத்தனை பேருக்கு ஓர் உதவியாளர், அவர் எந்த மாடியில் படுப்பார் என்று கேளுங்கள். டயப்பர், பிசியோதெரபி மாதக் கட்டணத்தில் சேருமா, நடமாட முடியாமல் போனாலோ மறதி நோய் வந்தாலோ தொடர்ந்து வைத்துக்கொள்வார்களா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும்? வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எங்கள் டெபாசிட் இழுத்தடிக்கப்பட்டபோது முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிட்டேன். கட்டணமில்லாத எண்தான். எங்கே மனு கொடுப்பது என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

வீட்டை விற்று டெபாசிட் கட்டலாம் என்று யார் சொன்னாலும் இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் தங்க வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அம்மாவும் வந்து பார்த்து, ஒரு வேளை அங்கே சாப்பிட்டு, சரி என்று அவரே சொல்ல வேண்டும். அந்த மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு தடவையாவது ராத்திரியில் போய்ப் பாருங்கள்.