டாக்டர் பதில்கள்: பழைய புத்தகமும் அப்பாவின் முட்டையும்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய். டாக்டரிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடிவதில்லை என்பதால், மூர் மார்க்கெட்டில் 250 ரூபாய்க்கு ஒரு பழைய மருத்துவப் பாடப்புத்தகம் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். அப்பா ஒருநாள் சம்பந்தமில்லாமல் பேசினார். புத்தகத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தது, பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இப்போது ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். எஸ்ஜிபிடி 34, நார்மல் என்கிறது ரிப்போர்ட். நான் படிப்பது தவறா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: படிப்பது தவறே இல்லை. ஆனால் முதல் பக்கத்தைத் திருப்பி, எந்த வருடம் அச்சானது என்று பாருங்கள். வருடம் கிழிந்துபோயிருந்தால், கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் சி என்று தேடுங்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்தது 1989-ல்தான், அதற்கு முந்தைய புத்தகங்களில் 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்ற பெயரில்தான் அது இருக்கும்.

உங்கள் புத்தகம் அந்தக் காலத்தது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் புரதத்தைக் குறை என்று எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். புரதம் சிதைந்தால் அம்மோனியா வரும், கெட்டுப்போன கல்லீரலால் அதை வெளியேற்ற முடியாது, மூளை குழம்பும், அதனால் பருப்பை நிறுத்து என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மோனியாவை அகற்றும் வேலையில் தசைக்கும் பங்கு உண்டு, சாப்பாட்டில் புரதம் இல்லையென்றால் உடம்பு அந்தத் தசையையே கரைத்துத் தின்னும், குழப்பம் குறைவதற்குப் பதில் கூடும். இப்போதைய வழிகாட்டுதல்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தரச் சொல்கின்றன, 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ராத்திரி படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறார்கள், நீண்ட பட்டினிதான் தசைக்கு எதிரி. ஆகவே நாளைக்கே உங்கள் டாக்டரைக் கேட்டு முட்டையையும் பருப்பையும் திரும்பக் கொண்டுவாருங்கள். குழம்பிப் பேசியதையும் கட்டாயம் சொல்லுங்கள், மலச்சிக்கலோ கிருமித் தொற்றோகூட அதைத் தூண்டியிருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

வயிற்றில் நீர் கோர்த்தால் உப்பைக் குறை என்று பழைய புத்தகம் சொல்லியிருக்கும், அது இன்றும் சரிதான். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் ஓரங்கட்டப்பட வேண்டியவை.

அப்புறம் எஸ்ஜிபிடி. 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுவதுதான். எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசிகிற ஒரு நொதி, அவ்வளவே. சிரோசிஸ் முற்றிய பிறகு அது நார்மலாகவே இருக்கலாம். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, அதே ரிப்போர்ட்டில் ஆல்புமினையும் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்) பிலிருபினையும் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமி) பாருங்கள், கூடவே ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எடுத்திருந்தால் அதையும். 'சைல்ட் பியூ' என்று புத்தகத்தில் ஒரு அட்டவணை வரும். இந்த மூன்றோடு வயிற்று நீரையும் மனக்குழப்பத்தையும் சேர்த்து ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். அதற்கு நேரே எத்தனை பேர் ஒரு வருடம் பிழைத்தார்கள் என்ற கணக்கும் இருக்கும், அது ஒரு கூட்டத்தின் கணக்கு, உங்கள் அப்பாவின் ஜாதகம் இல்லை, ராத்திரி பதினோரு மணிக்கு அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

புத்தகத்தை முதலிலிருந்து படிக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் புரியாத சொல்லைக் கடைசிப் பக்க அகரவரிசையில் தேடி, அந்தப் பகுதியை மட்டும் படித்து, ஒரு தாளில் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்வி கேட்டுவிடலாம். முதல் இரண்டை நானே தருகிறேன்: உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபி பார்த்தாயிற்றா? கல்லீரலில் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கொரு முறை எடுக்க வேண்டிய ஸ்கேன் எப்போது? மூன்றாவது உங்களுடையது. ஆனால் ரத்த வாந்தியோ, தார் மாதிரி கறுப்பு மலமோ வந்தால் தாளையும் புத்தகத்தையும் போட்டுவிட்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.